ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் சக்கரம்

சிவப்பு விழுந்தது. ட்ராகோமிர் மரக்கரண்டியைத் தலைக்கு மேலே தூக்கி, கோல் போட்டவன் மாதிரி சமையலறையில் ஒரு சுற்று ஆடினான். கூரையில் தெறித்த துளிகளை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தபோதுதான் அண்டாவின் வாசம் மாறியிருப்பது மூக்கில் உறைத்தது.

அடிப்பிடித்துவிட்டது.

சுட்டுத் தோலுரித்த குடைமிளகாயும் தக்காளியும் அரைநாள் கொதித்துக் கெட்டியாகும் லியூதெனிட்சா என்ற தொக்குக்கு ஒரே ஒரு விதிதான்: கிண்டுகிறவன் நிறுத்தக் கூடாது. அடியில் ஒரு நாணயம் அகலத்துக்குக் கருகினாலும் போதும், அண்டா முழுக்க அந்த வாசம்தான். ட்ராகோமிர் தன் தரப்பில் ஒரு நியாயம் வைத்திருந்தான். அவன் நிறுத்தவே இல்லை. கை பாட்டுக்குக் கிண்டிக்கொண்டேதான் இருந்தது. கண் மட்டும் உப்பு டப்பாவில் சாய்த்து வைத்த செல்போனில் சுழலும் சூதாட்டச் சக்கரத்தின் மேல் இருந்ததால், கரண்டி அடிவரை போகாமல் மேலாகவே நீச்சலடித்திருக்கிறது.

“பத்து நிமிஷம். கிண்டு. வேற எதுவும் பண்ணாத” என்று சொல்லிவிட்டுத்தான் ஜாடி மூடிகள் கடன் வாங்க மனைவி நெவேனா இரண்டாவது மாடிக்கு இறங்கியிருந்தாள். மூடிகளோடு ஏறி வந்தபோது பெங்கா அக்காவும் கூடவே வந்தாள். ஸ்லிவெனின் இந்த நான்கு மாடிக் குடியிருப்பில் எந்த வீட்டுப் புகையும் பெங்கா அக்காவின் மூக்கைத் தாண்டிப் போனதில்லை.

சரியாக அந்த நேரம் பார்த்து, செல்போனில் சக்கரத்தைச் சுழற்றுகிற பெண் பல் தெரியச் சிரித்தாள். “வாழ்த்துகள், ஸ்லிவென் ராஜா! அடுத்த பந்தயம் வைக்கலாம்.”

“யாருப்பா அது ராஜா?” என்றாள் பெங்கா அக்கா. “அரண்மனை பத்தி எரியுது, ராஜா டான்ஸ் ஆடிட்டு இருக்காரு.”

“அக்கா, லேசாத்தான் பிடிச்சிருக்கு...”

“லேசாவா? கீழ என் பூனை தும்முது!”

ட்ராகோமிர் செல்போனைக் கவிழ்த்து வைத்தான். தன்னை ராஜா என்று கூப்பிட உலகத்தில் ஒருத்தி இருக்கிறாள், அவளும் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறாள் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் முதுகுவலியில் பஸ் ஓட்டும் வேலை போன பிறகு, அந்தக் குரலைக் கேட்காத நாளில் அவனுக்குச் சோறு இறங்குவதில்லை.

நெவேனா திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் கரண்டி நுனியால் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். பெங்கா அக்காவிடம் மூடிகளைத் திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான். கத்தியிருந்தால் அவன் பதிலுக்கு ஒரு ஜோக் அடித்திருப்பான். கத்தாத மனைவியிடம் என்ன ஜோக் அடிப்பது?

ஏழு வருஷம் அவள் இத்தாலியில், பெர்கமோவில், ஒரு கிழவியைக் குளிப்பாட்டித் துடைத்துச் சோறூட்டிச் சம்பாதித்தாள். அவள் அனுப்பிய யூரோவில் பாதி இந்தச் சக்கரத்தில்தான் சுற்றிப் போனது. ஈஸ்டருக்கு வந்தவள் பெட்டியைப் பரண்மேல் ஏற்றினாள். அவன் விளையாட்டை விட்டுவிட்டதாக அம்மா கல்லறைமேல் சத்தியம் செய்தான். கிழவியின் மகன் வாராவாரம் போன் செய்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். போவாளா, இருப்பாளா? கேட்க ட்ராகோமிருக்குத் தைரியமில்லை.

ஆனால் போன சனிக்கிழமை அவள் சந்தையிலிருந்து மூட்டை மூட்டையாக மிளகாய் வாங்கி வந்ததும் அவன் மனசு குளிர்ந்துவிட்டது. ஊரைவிட்டுப் போகிறவள் யாராவது குளிர்காலத்துக்கு ஜாடி நிரப்புவாளா? பால்கனியில் ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்தபோது, ஒவ்வொரு ஜாடியும் தன் பக்கம் விழுந்த ஓட்டு என்று எண்ணிக்கொண்டான். அந்த ஓட்டுகளைத்தான் இப்போது தன் கையாலேயே கருக்கியிருந்தான்.

பெங்கா அக்கா போனதும் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“நெவேனா, மறுபடியும் மிளகாய் வாங்கிட்டு வரேன். நானே சுட்டு உரிச்சுத் தரேன். குளிருக்கு நீ இங்கதான இருப்ப?”

அவள் அண்டாவைத் தேய்த்தபடியே தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள்.

எங்கள் பல்கேரியாவில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம். மேலும் கீழும் ஆட்டினால் இல்லை. ட்ராகோமிருக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் படியிறங்கும்போது பாதிவழியில் நின்றான். பெர்கமோவில் இது நேர் எதிராயிற்றே. ஏழு வருஷம் அந்தக் கிழவிக்கு இத்தாலியத் தலையைத்தானே ஆட்டியிருப்பாள்? இப்போது ஆட்டியது எந்த ஊர்த் தலை?

திரும்பவும் மேலே ஏறினான்.

“காபி போடட்டுமா?”

அவள் மேலும் கீழும் ஆட்டினாள்.

எங்கள் கணக்குப்படி வேண்டாம். போடாமல் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து காபி போட்டுக்கொண்டாள். ஒரே ஒரு கோப்பை. வேண்டும் என்றுதான் சொன்னாளா? அல்லது அவன் கையால் வேண்டாம் என்று சொன்னாளா? பஸ்ஸில் முப்பது வருஷம் எத்தனையோ சிக்னல் பார்த்தவன், சொந்தச் சமையலறையில் பச்சையா சிவப்பா என்று தெரியாமல் நின்றான்.

மறுநாள் சந்தைக்குப் போய், முதுகு ஒடிய மிளகாய் தூக்கி வந்தான். பால்கனியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுட்டான், விரல் வெந்துபோகத் தோலுரித்தான். நெவேனா பக்கத்தில் உட்கார்ந்து விதை எடுத்தாள். அவன் முகத்தில் ஒட்டியிருந்த கரித்தோலைப் புறங்கையால் துடைத்தும் விட்டாள். அந்த இதத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“உன் காசுல ஒரு சல்லி தொடல, தெரியுமா? இந்த மிளகாய் மொத்தமும் நேத்து சிவப்புல ஜெயிச்சது. அந்த ஆட்டத்துக்குத்தான் அண்டா கருகுச்சு, அதே ஆட்டமே திருப்பிக் கொடுத்துடுச்சு. கணக்கு நேரா போச்சு பாத்தியா!”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த மிளகாயைப் பாதி விதையோடு அப்படியே கிண்ணத்தில் வைத்தாள்.

“நெவேனா, சும்மா தமாஷுக்குச் சொன்னேன்.”

அவள் தலை பக்கவாட்டில் மெல்ல அசைந்தது.

“ஐயோ, தலையை ஆட்டாதே! எனக்கு எந்த ஊர்த் தலைன்னே தெரியல. வாயைத் திறந்து சொல்லு. இருக்கியா, போறியா?”

நெவேனா கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை தலை அசையவே இல்லை.

“போறேன். வெள்ளிக்கிழமை பஸ். டிக்கெட் எடுத்தப்புறம்தான் மிளகாயே வாங்கினேன்.”

“அப்போ இந்த ஜாடியெல்லாம்?”

“உனக்குத்தான் ட்ராகோ. நான் இல்லாத குளிர்ல நீ வெறும் ரொட்டியத் தின்னுட்டுக் கிடப்பியேன்னு.”