தயாளன் போட்டுக் கொடுத்த லினக்ஸ்

என் கொழுந்தன் தயாளனை நேரில் 'நீங்க' என்பேன். மனசுக்குள் 'அவன்'தான். ஆளைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் வரும்.

பாயான் லெப்பாஸில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் 'சிஸ்டம்' என்பான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டத்தோ கிராமாட்டில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, விண்டோஸ் வைத்திருப்பவர்கள் எல்லாம் அடிமைகள் என்று பிரசங்கம் செய்வான். போன வருஷம் எங்கள் பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்க ஆரம்பித்ததும், அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். "இனிமே வைரஸே வராது அண்ணி. ஃப்ரீ வேற லா!" வைரஸ் வரவில்லைதான். அதில் இருந்த என் கல்யாணப் படங்களும் திரும்பி வரவில்லை.

வீட்டு வைஃபையும் அவன் ஏற்பாடுதான். ஆபீஸ் மூலமாகச் செய்ததாம், அதனால் இலவசமாம். எப்படி என்று கேட்டதற்கு, "அது டெக்னிக்கல் அண்ணி, உங்களுக்குப் புரியாது" என்றான். இலவசம் என்றதும் என் வீட்டுக்காரர் குகனுக்கு வாயெல்லாம் பல். இப்படி ஒரு அண்ணன், அப்படி ஒரு தம்பி.

நான் வீட்டில் பலகாரம் செய்து விற்கிறேன். மேல் வீட்டு ருக்குமணி அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை எல்லாம் ஆயிரம் பேருக்கு. அது மட்டும் கைக்கு வந்தால், 'முறுக்கு சுத்துற மோகனா' என்ற பேர் போய் 'மோகனா கேட்டரிங்' என்று ஆகிவிடும். எத்தனை வருஷ ஆசை! "பலகாரப் பட்டியலைப் போன்ல அனுப்பாத. ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. படத்தோட பேப்பர்ல கொண்டா, எல்லாரும் உக்காந்து பாக்கட்டும்" என்றிருந்தார் அக்கா.

அதற்காகத்தான் பிரிண்டர் வாங்கினேன். வாங்கச் சொன்னதும் தயாளன்தான். ருக்குமணி அக்காவிடமும் அதே பிரிண்டரைத்தான் வாங்கச் சொல்லியிருந்தான். ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்வதில் அவனுக்குச் சலிப்பே கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து உட்கார்ந்தான். கேபிளைச் செருகினான். கம்ப்யூட்டர் அந்தப் பிரிண்டரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிடுங்கித் திரும்பச் செருகினான். கறுப்புத் திரையைத் திறந்து மடமடவென்று ஏதேதோ தட்டினான், முறுக்கைக் கடித்தான், மறுபடி தட்டினான். மணி நாலு, அப்புறம் ஐந்து.

"தயாளன், பென்டிரைவ்ல போட்டுக் குடுங்களேன். கீழ போட்டோஸ்டாட் கடையில எடுத்துக்கிறேன்."

"வீட்ல பிரிண்டர வெச்சிக்கிட்டுக் கடைக்கா? நான் இருக்கறப்பயா? மானம் போயிடும் அண்ணி."

அவன் மானத்துக்காக நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். கடையும் மூடிவிட்டது.

திடீரென்று துள்ளினான். "கெடச்சிடுச்சு! பேரு வந்துடுச்சு பாருங்க." திரையில் பிரிண்டரின் பேர் தெரிந்தது. என் பட்டியலை அனுப்பினான். 'அச்சிட்டு முடிந்தது' என்று கம்ப்யூட்டர் சொன்னது. பிரிண்டர் வாயைத் திறக்கவில்லை. மறுபடி அனுப்பினான். மறுபடி 'முடிந்தது'.

"தமிழ் எழுத்துதான் பிரச்சினை போல. பெரிய எழுத்துல ஒரு வரி போட்டுப் பாப்போம். சும்மா ஏதாவது சொல்லுங்க."

மேலே நாற்காலி இழுக்கும் சத்தமும் ருக்குமணி அக்காவின் சிரிப்பும் கேட்டன. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். என் கையில் ஒரு தாள்கூட இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

"போடுங்க," என்றேன். "மேல் வீட்டு ருக்குமணி அக்கா கழுத்துல மின்னுறது அத்தனையும் கவரிங்."

கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டே அடித்தான். பக்கம் நிறைய எழுத்தைப் பெரிதாக்கி அனுப்பினான். 'முடிந்தது.' இன்னொரு தரம். 'முடிந்தது.' கடுப்பில் பட்டனைக் குத்திக்கொண்டே இருந்தான்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. பட்டுப் புடவையில் ருக்குமணி அக்கா. கையில் ஒரு கத்தைத் தாள். உள்ளே வந்து மேசைமேல் வைத்தார். மேலே என் பட்டியல், நெய் உருண்டைப் படத்தோடு பளிச்சென்று இருந்தது. அடியில் அந்த வரி, பக்கத்துக்கு ஒன்றாக.

"ஒரே வைஃபைல இருந்தாத்தான் இப்படி என் பிரிண்டருக்கு வரும்னு மாப்பிள்ளை சொன்னாரு," என்றார் தயாளனிடம். "அன்னிக்கு என் போனைச் சரி பண்ண வந்தப்ப பாஸ்வர்டை எடுத்துக்கிட்டியா தம்பி?"

தயாளன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை மாதமாக மேல் வீட்டு வைஃபையைத் திருடித் தின்றிருக்கிறோம். அதுதான் அந்த டெக்னிக்கல்.

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"மொதல்ல உன் பட்டியல்தான் மோகனா வந்துச்சு. சம்பந்தியம்மா பாத்துட்டு, நல்லா இருக்கே, இவங்களுக்கே குடுத்துடலாம்னாங்க. நானும் சரின்னேன். அப்புறம்தான் இது வந்துச்சு." சங்கிலியை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டார். "அவங்க தமிழ்ப்பள்ளி டீச்சர். எல்லார் முன்னாலயும் சத்தமா படிச்சாங்க."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"பட்டியலை நான் கிழிக்கல. வெச்சுக்க, வேற யாருக்காவது குடுக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

தயாளன் கத்தையிலிருந்து ஒரு தாளை உருவி, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பாத்தீங்களா அண்ணி, எழுத்து எவ்ளோ தெளிவா விழுந்திருக்கு! நான்தான் சொன்னேனே, லினக்ஸ்ல ஒரு தப்பும் இல்ல."

சொல்லிக்கொண்டே முறுக்குத் தட்டுக்குக் கையை நீட்டினான். நான் தட்டை இழுத்துக்கொண்டேன்.

"டேய்," என்றேன், முதல் முறையாக வாய்விட்டு. "எழுந்திரிச்சுப் போடா."