எதிர்க்கடை வியாதி

கள்ளக்குறிச்சி கச்சிராயபாளையம் சாலையில் மருந்துக்கடை வைத்திருந்த லூர்துராஜுக்கு, எதிர்க்கடையில் மருந்து வாங்கியவர்களின் நோயெல்லாம் வந்தது. 1994 ஆவணியில் இது தொடங்கியது. கருணாபுரத்துப் பாவாடை என்பவர் எதிர்க்கடையில் இருமல் டானிக் வாங்கி, சாலையோரம் நின்று மூடியைத் திருகினார். இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த லூர்துராஜ் பதினோரு மணியிலிருந்து ஒரு மணி வரை இருமினார். மறுநாள் வேறொருவரின் பல்வலி. அதற்கு மறுநாள் கொளஞ்சியம்மாள் வயிற்றுவலி மாத்திரை வாங்கிப் போனாள்; பெண்கள் மாதாமாதம் படுவது இன்னதென்று லூர்துராஜ் மரப்பெஞ்சில் சுருண்டு படுத்துத் தெரிந்துகொண்டார். எந்த நோயும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்கவில்லை. வாங்கியவர்களுக்கு அதனால் குறைந்ததுமில்லை, கூடியதுமில்லை.

எதிர்க்கடைக்காரர் பொன்னுரங்கம் ஒன்பது வருடம் லூர்துராஜிடம் வேலை பார்த்தவர். டாக்டரின் கிறுக்கலைப் படிப்பதும், வெள்ளிமலை பஸ்ஸில் வந்திறங்கும் மலைக்காரர்கள் மருந்தின் பெயர் தெரியாமல் மடியிலிருந்து எடுத்து நீட்டும் காலி அட்டையின் கிழிந்த மூலையை வைத்தே மாத்திரையைக் கண்டுபிடிப்பதும் அங்கே கற்றவைதான். பிறகு மருந்தாளுநருக்குப் படித்த மருமகன் பெயரில் லைசென்ஸ் எடுத்து நேர் எதிரே கடை போட்டார். கண்ணாடிக் கதவு, உட்கார மூன்று நாற்காலி, பத்து சதவீதம் தள்ளுபடி, பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் பை. லூர்துராஜ் கடையில் பழுப்புக் காகித உறைதான். மொத்த வியாபாரிகளின் வண்டி முதலில் எதிரே நின்றது. இங்கே அலமாரியில் மருந்துகள் தேதி முடிந்து கிடந்தன. பழைய வாடிக்கைக்காரர்கள் அந்தப் பையை முந்தானையிலும் துண்டிலும் மறைத்துக்கொண்டு அவரைக் கடந்தார்கள். உள்ளே இருந்தது எதற்கான மருந்து என்று அவர் உடம்பு உடனே சொல்லிவிடும்.

பங்குச் சாமியார் இதைப் பொறாமை என்று கண்டுபிடித்து ஐம்பது 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். நாற்பதாவதில் யாரோ ஒருவரின் சேற்றுப்புண் அரித்தது. இப்படி ஆறு வருடம் போயிற்று. எதிர்க்கடை ஒழிந்தால் தன் உடம்பு தன்னிடம் திரும்பிவிடும் என்று லூர்துராஜ் நம்பினார்.

ஒரு புதன்கிழமை, கடுக்காய் விற்க மலையிலிருந்து வந்த சடையன் என்பவர் எதிர்க்கடையில் கேஸ் மாத்திரை இரண்டு வாங்கி, தண்ணீர் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். லூர்துராஜுக்கு இடது கை கனத்தது. தாடை இறுகியது. வாயுத்தொல்லை அவருக்கு நாற்பது முறையாவது வந்துபோயிருக்கிறது. இது அது அல்ல. அந்த ஆள் அந்த நாற்காலியில், கையில் அந்த மாத்திரையோடு செத்தால், நாளைக்கு அந்தக் கண்ணாடிக் கதவை யாரும் தள்ளமாட்டார்கள். சங்கராபுரம் பஸ் ஒன்று கடந்துபோகும் நேரம் அவர் இதைத் தெளிவாக நினைத்துப் பார்த்தார்.

"இன்னாங்க இப்படி வேக்குது?" என்றாள் மனைவி ஆனந்தமேரி.

"எனக்கு இல்ல. அந்த ஆளுக்கு," என்று எழுந்து, மார்பைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தார்.

"இன்னா மொதலாளி, வழி தெரியாம வந்துட்டீங்களா?" என்றார் பொன்னுரங்கம்.

"கேசு இல்லடா இது, மாரடைப்பு. ஆட்டோவக் கூப்புடு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு வலிக்குதுடா!"

சடையன், "சும்மா நெஞ்சு கரிக்குதுங்க, பஸ்ஸு பூடும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இருவரும் அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். அரசு மருத்துவமனையில் பிழைத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்துப் பெரிய பலாப்பழம் ஒன்றைச் சுமந்துவந்து பொன்னுரங்கத்திடம் கொடுத்தார். மருந்து வாங்கியது அங்கேதானே. அதன் வாசனை சாலையைக் கடந்து வந்தபோது லூர்துராஜுக்கு ஒரே நேரத்தில் நான்கு பேரின் காய்ச்சல் அடித்தது.

ஊர் இதைக் கவனித்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டது. எதிரே ஒரே ஒரு மாத்திரை வாங்குவது, சாலையைக் கடந்துவந்து லூர்துராஜின் பெஞ்சில் உட்காருவது, அவர் எங்கே பிடித்துக்கொள்கிறார் என்று பார்ப்பது. அவர் சொன்னபடி டாக்டரிடம் போய், மிச்ச மருந்தை அவரிடமே வாங்கினார்கள். மலையிலிருந்து முழு பஸ்ஸாக வந்தார்கள். அலமாரியில் தேதி முடியும் மருந்தே இல்லை. மூன்று வருடத்தில் லூர்துராஜ் கொஞ்சம் சதை போட்டார், சிரிக்கக்கூடத் தொடங்கினார்.

அதுதான் வினையாயிற்று. ஒரு திங்கட்கிழமை தைலம்மாள் எதிரே மாத்திரை வாங்கிவந்து உட்கார்ந்தாள். "எனக்கு இன்னாங்க?" என்றாள். லூர்துராஜ் கண்ணை மூடிக் காத்திருந்தார். "ஒண்ணும் தெரியலியேம்மா," என்றார். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை சந்தைக்கு வந்த மலைக்காரர்கள் பெஞ்சைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். சாயங்காலம் லூர்துராஜ் எதிர்க்கடையை வெகுநேரம் பார்த்தார். அது வெறும் கடையாகத் தெரிந்தது. பயந்துபோனார்.

வியாழக்கிழமை காலை ஆனந்தமேரி இட்லி வைத்துக்கொண்டே, "எதிர்க்கடைக்காரரு பக்கத்துல ரெண்டு கடையும் சேத்து வாங்கறாராம். ஏசி போடப் போறாராம்," என்றாள். அப்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை.

"எவன் சொன்னான்?"

"ஊரே பேசிக்கினு கீது. திருநாவலூர்ல ஒரு கிளை வேற."

லூர்துராஜ் மூன்றாவது இட்லியைத் தொடவில்லை. பத்தரை மணிக்கு அவருடைய வலது முழங்கால் குத்தத் தொடங்கியது. ஆனந்தமேரி பெஞ்சைத் துடைத்து, எதிரே மாத்திரை வாங்கிவந்த தைலம்மாளை உட்காரச் சொன்னாள்.