வெங்கடநாராயணன், பி.எஸ்ஸி.

கடைசியாக வெங்கடநாராயணன் கேட்டது, மோர்மிளகாய் வைத்தாயா என்றுதான். வைத்திருப்பதாகச் சொன்னாள் மனைவி மீனாக்ஷி. டிபன் டப்பாவோடு பவானிபூர் வீட்டைவிட்டு இறங்கிய மனிதர், வேலைக்குப் போகும் பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். வயது ஐம்பத்து மூன்று.

ஐந்தாம் நாள் அவருடைய அண்ணா விஸ்வநாதன், பதின்மூன்றாம் நாள் சுபத்துக்கு அச்சடிக்கவேண்டிய கார்டை எழுதிக்கொண்டு வந்தார். தத்துவத்தில் எம்.ஏ.; பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குடும்பத்தில் குழந்தைக்குப் பெயர் வைப்பதே, பின்னால் பட்டம் போட ஓர் இடம் வேண்டுமே என்றுதான்.

கார்டில் "வெங்கடநாராயணன், பி.எஸ்ஸி." என்றிருந்தது.

"அண்ணா, அவர் பி.எஸ்ஸி. முடிக்கலையே. ரெண்டு வருஷத்துல விட்டுட்டு ஐ.டி.ஐ.ல சேர்ந்துட்டாரே" என்றாள் மீனாக்ஷி.

"மூணுல ரெண்டு முடிச்சானோல்லியோ? மெஜாரிட்டி."

"ஐ.டி.ஐ. முழுசா முடிச்சார். ஸ்டேட்லயே ரெண்டாவதா வந்தார்."

"அது சர்ட்டிஃபிகேட்டும்மா. இது டிகிரி."

"இல்லாத டிகிரி."

"இல்லாட்டாலும் டிகிரி டிகிரிதான்."

எம்.ஏ. படித்தவரிடம் இதற்குமேல் என்ன பேசுவது? வெங்கடநாராயணன் இருபத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்; நிற்கிற லிஃப்ட் மாடித் தரையோடு மட்டம் சேராவிட்டால் வீட்டுக்குக் கிளம்பமாட்டார். உறவுக்காரர்களிடம் விஸ்வநாதன் அவரை "இன்ஜினியர்" என்றே சொல்லிவந்தார். அண்ணா வீட்டில் ஃபியூஸ் போனால், தத்துவம், பொருளாதாரம், வணிகவியல் மூன்றும் மெழுகுவத்தியைச் சுற்றி உட்கார்ந்து அந்த இன்ஜினியருக்காகக் காத்திருக்கும்.

தீட்டென்றும் பாராமல் மீனாக்ஷி அச்சகத்துக்குப் போனாள். பி.எஸ்ஸி.யை எடுத்துவிட்டு "லிஃப்ட் மெக்கானிக்" என்று போடச் சொன்னாள். "பௌதி, இதையெல்லாம் யாரும் போடறதில்லையே" என்று அண்ணி முறை வைத்து வங்காளியில் தயங்கினார் அச்சகக்காரர். ஆனாலும் போட்டுக்கொடுத்தார்.

விஸ்வநாதன் கோபித்துக்கொள்ளவில்லை, படித்தவர். பேனாவோடு உட்கார்ந்து, அத்தனை கார்டிலும் அந்த இரண்டு வார்த்தைகளை அடித்து, மேலே பி.எஸ்ஸி. என்று எழுதினார். முப்பத்தாறு வருஷ பாங்குப் பழக்கம் விடுமா? ஒவ்வொரு திருத்தத்துக்குப் பக்கத்திலும் சின்னதாக இனிஷியலும் போட்டார். சாவுக்காரியத்துக் கார்டுகள் பாஸான செக்குகளைப் போல மேஜைமேல் அடுக்காக நின்றன.

அவர் கையில் சிக்காதது ஒரே ஒரு கார்டு. அதை மீனாக்ஷி கைப்பையில் வைத்துக்கொண்டு, அலிப்பூரில் வெங்கடநாராயணன் லிஃப்டைக் கவனித்துவந்த எட்டு மாடி ஆபீஸ் கட்டிடத்துக்குப் போனாள். வாசல் காவல்காரர் இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"லிஃப்ட் மெக்கானிக். நம்ம நாராயண்-தா. சரியா போட்டிருக்கீங்க பௌதி" என்றார் வங்காளியில். "மேல மானேஜர்கிட்ட நீங்களே கொடுங்க."

அவள் மட்டும் லிஃப்டில் ஏறினாள். எட்டாம் மாடியில் கதவு திறந்தது. லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் நூல் பிசகாமல் ஒரே மட்டத்தில் இருந்தன.