இரண்டாம் வளைவு வேலி

ஏப்ரலில், மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டும் என் தம்பி ரடோமிர், எங்கள் ஊர் அணியை விட்டு, ஆற்றைக் கடந்து சோஸ்னோவா அணிக்குப் போனான். எங்கள் ஓல்ஷனியில் இதைவிட ஒருவன் தன் தாயையே கடைத்தெருவில் விற்றிருந்தால் மன்னித்திருப்பார்கள். நானும் மன்னித்திருப்பேன். அன்றே சமையலறைச் சுவரிலிருந்த அவன் படத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

மே மாதம் போனில் கூப்பிட்டான்.

"அக்கா, டானுட்டா அக்கா, ஒரு நிமிஷம் கேளு."

"உனக்கு அக்கா செத்துட்டாடா. ஆத்துக்கு அந்தப் பக்கம் தேடு."

ஜூனில் அவர்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். பன்னிரண்டாயிரம் பேர் ஊளையிட்டோம். என் விசில் தனியாகக் கேட்டிருக்கும், பேருந்துக் கண்டக்டரின் நுரையீரல் எனக்கு. அவன் நான்கு ஓட்டம் ஓடி நான்கிலும் முதலாக வந்தான். எனக்கு வயிறெரிந்தது.

செப்டம்பரில் சீசனின் கடைசி ஆட்டமும் அவர்களோடுதான், எங்கள் மைதானத்தில். ஜெயித்தால் முதல் பிரிவில் இருப்போம், தோற்றால் கீழே. கீழே போனால் நல்ல ஓட்டுநர் எவனும் இங்கே நிற்க மாட்டான். பதினான்கு ஓட்டம் முடிந்து புள்ளிகள் நாற்பத்திரண்டுக்கு நாற்பத்திரண்டு. மிச்சமிருந்தது ஒரே ஓட்டம், நான்கு சுற்று, அணிக்கு இரண்டு பேர்.

எங்கள் அணியின் இருவரும் முன்னால் பறந்தார்கள். ரடோமிர் கடைசியில். மூன்றாம் சுற்றில், நான் எப்போதும் நிற்கும் இரண்டாம் வளைவில், பிரேக்கே இல்லாத அந்த வண்டி அவனைத் தூக்கி வேலியில் அறைந்தது.

விழுந்தவன் எழுந்து ஓரம் போனால் ஓட்டம் தொடரும். கிடந்தால் சிவப்பு விளக்கு, மீண்டும் முதலிலிருந்து. மறு ஓட்டத்தில் விழுந்தவனுக்கு இடமில்லை, ஆனால் எங்கள் முன்னிலையும் காலி. இந்தத் தந்திரம் எல்லோருக்கும் தெரியும். அவன் எங்கள் அணிக்கு ஓடியபோது, "படுத்துக்கோடா!" என்று நானே அவனிடம் கத்தியிருக்கிறேன்.

அவன் அசையவில்லை. நடுவர் விளக்கைப் போடுவதற்குள் வேலியில் ஏறினேன்.

"எழுந்திருடா, நடிகா! துரோகிப் பயலே, எழுந்திரு!"

என் பின்னால் அந்தப் பக்கக் கூட்டம் முழுவதும் அதையே கத்தியது.

தலை திரும்பியது. நேராக என்னைப் பார்த்தான். கையை ஊன்றினான், முட்டி போட்டான், எழுந்தான். வண்டியை இழுத்துக்கொண்டு உள்பக்கப் புல்லில் போய் விழுந்தான். மற்ற மூவரும் சுற்றி வந்தபோது பாதை காலியாக இருந்தது. விளக்கு எரியவில்லை. நாங்கள் ஜெயித்தோம்.

ஆம்புலன்ஸ் புல்லில் ஊர்ந்தபோது நான் பாடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற எட்மண்ட், "இன்னும் நடிக்கிறான் பாரு" என்றான். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

திங்களன்று ஆஸ்பத்திரியில் மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: முதுகெலும்பு உடைந்திருந்தது, விழுந்தபோது தண்டுவட நரம்பு அறுந்திருக்கவில்லை, தூக்கிச் செல்லும் பலகை வரும்வரை அசையாமல் கிடந்திருந்தால் கால்கள் தப்பியிருக்கலாம்.

அறைக்குள் போனேன். கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

"ரடோமிர், ஏன்டா எழுந்த?"

"அத்தனை சத்தத்துல உன் குரல் மட்டும்தான் கேட்டுச்சு. நான் நடிக்கலைன்னு உனக்குக் காட்டணும்னு தோணுச்சு."

நான் அவன் கையைத் தொடப் போனேன். இழுத்துக்கொண்டான். அது மட்டும் நன்றாக வேலை செய்தது.

"முதல் பிரிவுல இருக்கீங்கல்ல?" என்றான். "போதும். கதவைச் சாத்திட்டுப் போ."