நாளுக்கு எட்டு உருண்டை

ஐரிஸ் ஏழு கிழமைக்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, அவளுக்கு முட்டை அவிக்கலாமென்று அன்புராஜா குசினிக்குள் போய்த் தீக்குச்சியைக் கிழித்தார். அறையிலிருந்து எழுந்த அலறலில் குச்சி கையிலிருந்து விழுந்து அணைந்தது. ஓடிப்போய்ப் பார்த்தார். ஐரிஸ் தலைமாட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தாள். கழுத்துத் தோல் எரிந்து சுருங்கியிருந்ததால் தலையைத் தனியாகத் திருப்ப முடியவில்லை. உடம்பு முழுவதையும் கணவன் பக்கம் திருப்பினாள்.

“நெருப்பு வேண்டாம். இந்த வீட்டிலை நெருப்பு வேண்டாம். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.”

அன்றைக்கே அவர் மண்ணெண்ணெய் அடுப்பையும் நெருப்புப் பெட்டிகளையும் பக்கத்து வீட்டுச் சிவகரனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மத்தியானச் சோறும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் அங்கிருந்து வந்தன. மற்ற வேளைகளுக்குக் கடைப் பாண். வயிறு ஒருமாதிரி நிரம்பியது. ஆனால் புண் ஆறவில்லை.

அடுத்த கிழமை கிளினிக்கில் சிசிலியா மிஸ்ஸி கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அவரை வெளியே கூப்பிட்டாள். எரிகாய வார்ட்டில் ஏழு கிழமையும் ஐரிஸுக்கு மருந்து கட்டியவள் அவள்தான்.

“ஐயா, தொடையிலை எடுத்து ஒட்டின தோல் பாதிதான் பிடிச்சிருக்கு. மிச்சத்துக்கு இன்னொரு ஒப்பரேசன் செய்யோணும். நாப்பத்தைஞ்சு கிலோவெண்டாலும் வந்தால்தான் டொக்டர் செய்வார். இப்ப நாப்பத்தொண்டு. நல்லாப் புரதச் சாப்பாடு குடுக்கோணும்.”

“முட்டையைக் கண்டாலே ஓங்காளிக்கிறா மிஸ்ஸி. பொரிச்ச மணம், அவிச்ச மணம் ஒண்டும் ஒத்துவருகுதில்லை. வீட்டிலை அடுப்பும் மூட்டேலாது.”

மிஸ்ஸி ஒரு துண்டும் பேனையும் நீட்டினாள். “அடுப்பில்லாமல் செய்யலாம். எழுதுங்கோ. வறுத்த கச்சான், வறுத்த கடலை, பால்மா, பேரீச்சம்பழம், ரெண்டு கரண்டி தேன். அரைச்சு, குழைச்சு, உருட்டுறதுதான் வேலை. பிறிட்ஜிலை அரை மணித்தியாலம் வைச்சால் இறுகிவிடும். நாளுக்கு எட்டு. ஒரேயடியாத் தீத்தாதேங்கோ, மணித்தியாலத்துக்கு ஒண்டெண்டு குடுங்கோ.”

ஐம்பத்துமூன்று வயதுவரை அன்புராஜா குசினியில் எந்த வேலையும் செய்தவரல்ல. யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஓர் இரும்புக்கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை. ஆணி, பெயின்ற், தண்ணீர்க் குழாய், காஸ் குழாய் எல்லாவற்றின் விலையும் பார்க்காமலே சொல்லுவார். கடையில் லீவு சொல்லிவிட்டு, வரும் வழியில் கச்சான்காரியிடம் ஒரு கிலோ வறுத்த நிலக்கடலை வாங்கினார். வீட்டில் சுளகில் போட்டுத் தோல் தேய்த்துப் புடைத்தார். பாதிக் கச்சான் நிலத்தில் விழுந்தது.

முதல்நாள் கிறைண்டரை விடாமல் ஓட்டியதில் கச்சான் எண்ணெய் கக்கிக் களியாகிவிட்டது; உருட்டினால் கையோடு ஒட்டியது. இரண்டாம் நாள் கடலைமா கூடி, உருண்டை கல்லுப்போல் இறுகியது. மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. கிறைண்டரை விட்டு விட்டு நாலைந்து தரம் திருப்ப வேண்டும். பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்துத் தனியாக அரைக்க வேண்டும். பால்மாவைக் கடைசியில், கை பதம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். தேசிக்காயளவு உருட்டிக் கொண்டுபோனார். ஐரிஸால் வாயை அவ்வளவு திறக்க முடியவில்லை. உதட்டோரம் இழுத்துக்கொண்டிருந்தது. அவர் உருண்டையை நாலாகப் பிய்த்து, ஒவ்வொன்றையும் மறுபடி உருட்டி வாயில் வைத்தார்.

அவள் நெடுநேரம் மென்றாள். “கச்சான் அல்வா மாதிரிக் கிடக்கு,” என்றாள்.

“நல்லாயில்லையோ?”

“இல்லை, நல்லாயிருக்கு. கோயிலடியிலை விக்கிறது மாதிரி.”

அவர் எழுந்து குசினிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். புகை பிடித்த சுவரில் இரண்டு தரம் சுண்ணாம்பு அடித்தும் கருமை தெரிந்தது.

நெருப்புப் பிடித்தது மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. புதன்கிழமையே ஐரிஸ் சொல்லியிருந்தாள்: “இஞ்சேருங்கோ, காஸ் மணக்குது. குழாய் வெடிச்சுக் கிடக்குப் போலை, ஒருக்காப் பாருங்கோ.” அவர் பார்த்தார். ரப்பரில் மயிர் போல வெடிப்புகள் ஓடியிருந்தன. கடையிலிருந்து புதுக்குழாய் கொண்டுவருவதாகச் சொன்னார். கடையில் அவருடைய மேசைக்கு மேலே அந்தக் குழாய்கள் சுருள் சுருளாகத் தொங்கின. வியாழக்கிழமை வெறுங்கையோடு வந்தார். அவள் திரும்பக் கேட்டபோது, “உமக்கு எந்த நேரமும் ஒரு மணம்,” என்று சினந்தார். மறுநாள் காலை அவர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருக்கையில் குசினி யன்னல் பெயர்ந்து முற்றத்தில் விழுந்தது.

ஈரச் சாக்கோடு உள்ளே பாய்ந்து அவளைச் சுற்றித் தூக்கிவந்தவர் அவர்தான். அவருடைய உள்ளங்கைகளும் வெந்தன. அயலவர்கள் அதைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி விறாந்தையில் பொலிஸ்காரர் ஒருவர் கொப்பியை விரித்துக்கொண்டு, “எப்பிடி நடந்தது? காஸ் திறந்து கிடந்ததோ?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு பதில் இருந்தது. “ஓம்,” என்றார் அன்புராஜா. “இரவு அவ மூட மறந்திட்டா போலை.”

ஐரிஸ் அப்போது நினைவில்லாமல் கிடந்தாள். அன்று பின்னேரம் அவர் வீட்டுக்கு வந்து, பாதி உருகிய குழாயைக் கழற்றி, கடைப்பையில் சுற்றி, துறையடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீருக்குள் எறிந்தார். பிறகு போதகர் கேட்டபோதும், கடை முதலாளி கேட்டபோதும், பருத்தித்துறையிலிருந்து அழுதுகொண்டு வந்த ஐரிஸின் தங்கை ஜெயந்தினி கேட்டபோதும் அதே வசனத்தைச் சொன்னார். சபையில் இருவருக்காகவும் ஜெபித்தார்கள். மனைவியை நெருப்புக்குள்ளிருந்து தூக்கி வந்த மனிசன் என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்கள்.

உருண்டைகள் வேலை செய்தன. இரண்டு கிழமையில் ஐரிஸ் நாற்பத்திரண்டரைக்கு வந்தாள். காலை எட்டு மணிக்கு முதலாவது. அவர் கட்டிலருகே கதிரையைப் போட்டு வாயில் தீத்துவார். அவள் மென்று முடிக்கும்வரை பத்திரிகையில் மரண அறிவித்தல்களை வாசித்துக் காட்டுவார். அது அவளுக்குப் பிடித்தமானது. தெரிந்த பெயர் வந்தால், “ஐயோ, அந்த மனிசியோ?” என்பாள்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயந்தினி வந்திருந்தாள். தமக்கையின் தலையை வாரி, முதுகுக்குப் பவுடர் போட்டு, பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தாள். அன்புராஜா நாலாவது உருண்டையைத் தட்டில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அவளுடைய குரல் கேட்டது.

“ஒப்பரேசன் முடிஞ்சு கை நீட்ட ஏலுமாய் வந்த பிறகு, அக்கா, நீங்கள் இனிமேல் படுக்கமுதல் ஒருக்காப் பாக்கோணும்.”

“எதைப் பாக்கிறது?”

“காஸைத்தான். நீங்கள் மூடாமல் படுத்ததாலைதானே இவ்வளவும். பேசுறனெண்டு நினைக்காதேங்கோ. எனக்கு மனம் கேக்குதில்லை.”

 ஐரிஸ் மெல்ல மெல்ல உடம்பைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். அன்புராஜா தட்டோடு நின்றார். அவளுடைய கண்கள் அவருடைய முகத்தில் நின்றன. ஜெயந்தினி ஒன்றையும் கவனியாமல் சீப்பிலிருந்த மயிரை எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

தங்கை பஸ்ஸுக்குப் போனபிறகு அவர் உருண்டையைக் கொண்டுபோனார். ஐரிஸ் வாயைத் திறக்கவில்லை.

“நான் மூட மறந்தனானோ?”

அவர் கதிரையில் இருந்தார்.

“சொல்லுங்கோ. நான் மறந்தனானோ?”

“இல்லை.”

“அப்ப ஆர் சொன்னது?”

“பொலிஸ் கேட்டது ஐரிஸ். வாயிலை வந்திட்டுது. ஒருக்காச் சொன்னாப்போலை பிறகு மாத்தேலாமல் போச்சு.”

“ரெண்டு நாள் சொன்னனான்.”

“ஓம்.”

“குழாய் எங்கை?”

“துறையடியிலை போட்டிட்டன்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார். ஆனால் குரல் தெளிவாக வந்தது. “மருந்து கட்டேக்கை, இனிக் கவனமாயிருக்கோணும் அம்மா எண்டு மிஸ்ஸிமார் சொல்லுவினம். ஏன் எனக்குச் சொல்லுகினமெண்டு விளங்கேல்லை. கத்திக்கொண்டு கிடக்கேக்கையும் நான் அதைத்தான் யோசிச்சனான். இப்ப விளங்குது.” பிறகு, “தட்டைக் கொண்டுபோங்கோ,” என்றாள்.

அதற்குப் பிறகு அவர் கையால் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. சிவகரன் வீட்டிலிருந்து வரும் சோற்றை, கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இடக்கை விரல்களுக்கிடையில் கரண்டியைச் செருகி, தானே அள்ளினாள். பாதி மடியில் கொட்டியது. அவர் துடைக்கப் போனால் கையை மேலே பிடித்துத் தடுத்தாள். கோபமாகப் பேசினாலாவது பரவாயில்லை என்றிருந்தது அவருக்கு. அவள் பேசவேயில்லை. அவர் ஒவ்வொரு நாளும் எட்டு உருண்டை உருட்டி, மூடியில்லாத பெட்டியில் அவளுக்கு எட்டும் இடத்தில் வைத்தார். பின்னேரம் எறும்பு மொய்த்திருக்கும். எடுத்துக் கோழிகளுக்குப் போட்டார்.

மூன்றாவது கிழமை கிளினிக்கில் நிறை முப்பத்தொன்பதரை. முழங்கைப் புண்ணில் சீழ் வைத்திருந்தது. ஒப்பரேசனை டொக்டர் தள்ளிப்போட்டார்.

“என்ன ஐயா இது? உருண்டை குடுக்கிறதை விட்டிட்டியளோ?” சிசிலியா மிஸ்ஸி ஏசினாள். “கிருமி உடம்புக்குள்ளை இறங்கினால் ஆளையே தப்ப வைக்கேலாது. விளங்குதோ?”

“சாப்பிடுறா இல்லை மிஸ்ஸி.”

“ஏன்?”

அவர் கிளினிக் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார். மிஸ்ஸி அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு ஜெயந்தினி வந்து தமக்கையின் தோள் எலும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “என்ன அத்தான், அக்கா இப்பிடி உருகிப்போனா?” என்று திரும்பினாள். இரண்டு ஞாயிறாக நாக்கில் வந்து வந்து திரும்பிப்போனதை அன்புராஜா அப்போது சொன்னார். ஐரிஸின் முன்னாலேயே, நின்றபடி, குழாய் வெடித்திருந்ததிலிருந்து துறையடிவரை எல்லாவற்றையும் சொன்னார்.  ஐரிஸ் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அவர் முடித்ததும் ஜெயந்தினி எழுந்தாள்.

“அக்காவின்ரை உடுப்பு எந்த அலுமாரியிலை?”

“ஜெயா, நான் சொல்லுறதை...”

“உடுப்பு எங்கை அத்தான்?”

சிவகரன்தான் வாடகைக்கு வான் பிடித்துக் கொடுத்தான். ஐரிஸை ஏற்றும்போது தாங்கிப் பிடிக்க அன்புராஜா கிட்டப் போனார். அவள் ஜெயந்தினியின் தோளில் சாய்ந்துகொண்டாள். மருந்துப்பையையும் கிளினிக் புத்தகத்தையும் அவர் வானுக்குள் வைத்தார். உருண்டைப் பெட்டியையும் வைத்தார். ஜெயந்தினி அதை எடுத்து மதிலில் வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

அவர் பொலிசுக்குப் போனார். அந்தப் பொலிஸ்காரர் மாற்றலாகிப் போயிருந்தார். இருந்தவர், முடிந்துபோன விஷயம், ஆள் உயிரோடுதானே இருக்கிறா என்று அனுப்பிவிட்டார். போதகரிடம் சொன்னார். போதகர் ஜெபித்தார், ஆனால் கையைப் பிடிக்கவில்லை. முதலாளியிடம் சொன்னபோது அவர் மேலே தொங்கிய குழாய்களை ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “சரி, வேலையைப் பாரும்,” என்றார். அதற்குப் பிறகு காஸ் சாமான் வாங்க வருபவர்களை முதலாளி மற்றப் பெடியனிடம் அனுப்பினார்.

ஒப்பரேசன் ஓகஸ்டில் நடந்தது. அன்றைக்கு முழுவதும் அன்புராஜா ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே வேலியோரம் நின்றார். வலது முழங்கை அரைவாசிதான் நிமிரும் என்றும், இரண்டு விரல்கள் இனி வேலை செய்யாது என்றும் சிசிலியா மிஸ்ஸி வெளியே வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

ஐரிஸை அவர் மறுபடி பார்த்தது ஒக்டோபரில், கிளினிக்கின் நீள வாங்கில். ஐரிஸும் ஜெயந்தினியும் இலக்கம் எடுத்துவிட்டு இருந்தார்கள். அவர் தள்ளி நின்றார். ஐரிஸ் அவரைக் கண்டு, தங்கையின் காதில் ஏதோ சொன்னாள். ஜெயந்தினி தண்ணீர்ப் போத்தலோடு எழுந்து போனாள். அவர் கிட்ட வந்தார். அவள் இருக்கச் சொல்லவில்லை.

“எப்பிடி இருக்கிறீர்?”

“இருக்கிறன்.” கழுத்து இன்னும் இறுகித்தான் இருந்தது. ஆனால் முகம் கொஞ்சம் தேறியிருந்தது. “பொலிசுக்குப் போனனீங்களாம். போதகருக்கும் சொன்னனீங்களாம்.”

“ஓம்.”

“உங்களிலை எனக்குக் கோபம் கிடக்கோ எண்டு ஜெயா கேக்கிறாள். எனக்குத் தெரியேல்லை. உங்கடை கை வாய்க்குக் கிட்ட வரேக்கை தொண்டை அடைக்குது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வீட்டை வரமாட்டன்.”

அவர் தலையாட்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

“ஜெயாவும் அந்த உருண்டை செய்யிறாள். உதிர்ந்துபோகுது. கழுத்து ஒப்பரேசனுக்கு இன்னும் மூண்டு கிலோ வேணுமாம். அளவை எழுதிக் குடுங்கோ.”

இலக்கம் கூப்பிட்டார்கள். ஜெயந்தினி வந்து தமக்கையைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனாள். அன்புராஜா சட்டைப்பையில் கிடந்த பழைய மருந்துத் துண்டின் பின்பக்கத்தைச் சுவரில் வைத்து எழுதினார். கச்சான் எவ்வளவு, கடலை எவ்வளவு, கிறைண்டரை எத்தனை தரம் நிறுத்த வேண்டும், பழத்தை ஏன் தனியாக அரைக்க வேண்டும், பால்மாவை எப்போது தூவ வேண்டும். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினார்.

முக்கால் மணித்தியாலத்தின் பின் இருவரும் வெளியே வந்தார்கள். துண்டை ஜெயந்தினி வாங்கி, இரண்டு தரம் வாசித்து, “இந்த ஓரத்திலை என்ன எழுதிக் கிடக்கு?” என்று கேட்டாள்.

“ரெண்டு நாளைக்கு மேலை வைக்க வேண்டாமெண்டு. கச்சான் எண்ணெய் பழுதாகிச் சிக்கு மணம் வரும்.”

அவள் துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். ஐரிஸ் அதற்குள் சுவரைப் பிடித்துப் பிடித்து, வான் நிற்கும் இடத்தை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தாள்.