டப்பாவின் அடியில்

மிக்கேல்ராஜ் பழைய ஜீப்பைப் பிரித்துப் போட்டபோது, அதன் போல்ட்டும் நட்டும் வாசரும் நாற்பத்தொரு பஞ்சாமிர்த டப்பாக்களில் அடங்கின.

பக்கத்து வீட்டு நல்லுசாமி மாதம் ஒருமுறை பழனிக்குப் போவார். தெரு முழுக்கப் பஞ்சாமிர்தம் கொடுப்பார். தெரு தின்றுவிட்டு, காலி டப்பாவைக் கழுவி மிக்கேல்ராஜிடம் கொடுத்தது.

ஒரு டப்பாவில் ஓரிடத்துப் போல்ட்டுகள் மட்டும். துரு ஏறாமலிருக்க, மூழ்கும்வரை கிரீஸ். எங்கே கழற்றியது என்பதை அடியில் எழுதினார். மூடி இடம் மாறும், அடி மாறாது. இதை மனைவி டெய்சியிடம் பலமுறை சொல்லியிருந்தார்.

டெய்சி பள்ளிக்கூட ஆசிரியை. கேட்டதை மறக்காதவள். போன வருடம் கல்யாண நாளன்று அவள் ஒரு கெடு வைத்தாள்.

“அடுத்த கல்யாண நாளுக்கு ஜீப்புலதான் பூசைக்குப் போகணும். இல்லையா, மறுநாளே பழைய இரும்புக்காரரக் கூப்பிட்டுருவேன். எனக்குத் துணி காயப்போட எடம் வேணும்.”

கெடு இந்த ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலை நாற்பது டப்பாக்கள் காலி. கடைசி டப்பா, ஸ்டீயரிங் பெட்டியைச் சட்டத்தோடு இறுக்கும் நான்கு போல்ட்டுகள். துடைப்பதற்காக முந்தின நாள் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தார். இப்போது எடுத்துத் திறந்தார்.

பஞ்சாமிர்தம்.

“டெய்சி, இங்க ரெண்டு டப்பா இருந்துச்சா?”

“இருந்துச்சு. ஒண்ண முனியப்பனுக்குக் குடுத்தேன்.”

முனியப்பன் அவளிடம் படிக்கும் பெண்ணின் அப்பா, ஒட்டன்சத்திரத்து லாரி டிரைவர். நேற்று ஒரு பை முருங்கைக்காயோடு வந்திருந்தார்.

“அடியில பாத்தியா?”

“பிரசாதத்தக் கவுத்திப் பாத்தா குடுப்பாங்க?”

அந்தத் திருகு மரையில் இப்போது கடையில் போல்ட் கிடைக்காது. கடைசல் பட்டறையில் ஒரு வாரம் கேட்பார்கள். டெய்சி போன் செய்தாள். முனியப்பன் எடுக்கவில்லை. மதியம் அவர் லாரி கேரளாவுக்குக் கிளம்பிவிடும்.

அவள் ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். பஞ்சாமிர்தத்தையும் எடுத்துக்கொண்டாள்.

“நான் ஓட்டுறேன். நீங்க ஓட்டுனா லாரி கேரளா போயித் திரும்பி வந்துரும்.”

ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளிப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. லாரியின் முன்கண்ணாடிக்குள் முருகன் படம். படத்துக்கு முன்னால் டப்பா. டப்பாவின் மேல் ஒரு செவ்வந்திப் பூ.

“சாமி முன்னால வெச்சிருக்கறனுங்க டீச்சர். பாலக்காடு தாண்டித் தொறக்கலாம்னு” என்றார் முனியப்பன்.

டெய்சி விஷயத்தைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. மூடியைத் திறந்து, விரலை விட்டு, முகர்ந்து பார்த்தார்.

“இது எந்தக் கடைப் பஞ்சாமிர்தமுங்க?”

பெட்டி ஏற்றியவர்கள் சிரித்தார்கள். டெய்சி நல்ல டப்பாவை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் மூன்று போல்ட்டுகளைத்தான் திருப்பித் தந்தார்.

“சாமிக்கு வெச்சத முழுசா எடுக்கக் கூடாதுங்க. ஒண்ணு இருக்கட்டும்.”

“நாலும் இல்லாம ஸ்டீயரிங் நிக்காதுங்க” என்றார் மிக்கேல்ராஜ். குரல் இறங்கிவிட்டது.

முனியப்பன் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்துச் சாக்கின் மேல் கவிழ்த்தார். ஆணி, நட்டு, உடைந்த சாவி, பல்பு, திருநீற்றுப் பொட்டலம். மிக்கேல்ராஜ் வேறு பக்கம் பார்த்தார். முனியப்பன் ஒரு விரலால் கிளறினார். ஒரு போல்ட்டை எடுத்தார்.

“என்ற பழைய வண்டியோடதுங்க. பாருங்க.”

மிக்கேல்ராஜ் தன் போல்ட் ஒன்றிலிருந்த நட்டைக் கழற்றி அதில் மாட்டினார். விரலாலேயே கடைசிவரை ஓடியது. நீளமும் சரி.

“இதுல எப்பிடித் தேடி எடுக்குறீங்க?”

“எங்கன்னு தேடறதுங்க? எல்லாம் ஒரே டப்பாவுலதான இருக்குது.”

வீடு திரும்பும் வழியில் ரெட்டியார்சத்திரம் வரை டெய்சியின் தோள்கள் குலுங்கிக்கொண்டே இருந்தன. பின்னால் உட்கார்ந்திருந்த மிக்கேல்ராஜ், “ரோட்டப் பாத்து ஓட்டு” என்றார். கொஞ்ச தூரம் கழித்து அவரும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப் முதல் தடவையே உறுமியது. டெய்சி பட்டுச்சேலையில் ஏறி உட்கார்ந்தாள். வாசலில் நல்லுசாமி மஞ்சள் பையோடு நின்றார். குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தார்.

“ஒரு போல்ட்டு மட்டும் ஏன் மாப்ள வேற கலரா இருக்கு?”

“அது முருகன் குடுத்தது. ஏறுங்கண்ணே, பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடுறோம்” என்றாள் டெய்சி.

அவர் ஏறினார். பழனிக்குத்தான் கிளம்பியிருந்தார்.

“இந்தத் தடவ எத்தன டப்பா வாங்கியார?”

தெருமுனையில் ஒரு பழைய வேன் நான்கு மாதமாகக் கேட்பாரற்று நிற்கிறது. ஜீப் அதைக் கடந்தபோது மிக்கேல்ராஜின் தலை லேசாகத் திரும்பியது.

“ஒண்ணு போதும்ணே. திங்கிறதுக்கு” என்றாள் டெய்சி.