சமரத்தின் பேரில் நின்ற ஊசி

ரத்னபாய்க்கு மீசை முளைக்கலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சுந்தரதாஸும் பெரிய மனதோடு தலையாட்டிவிட்டுத்தான் வந்தார். மனைவியின் உயிரா, முகமா என்று கேட்டால் எந்தப் புருஷனும் தலையாட்டத்தான் செய்வான். அந்த முகத்தைத் தினமும் எதிரில் வைத்துக்கொண்டு சாப்பிடும்போதுதான் விஷயம் தெரியும்.

சுந்தரதாஸ் பாறசாலை மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சாயங்காலமானால் பேச்சாளர். அது ஐம்பத்து நாலாம் ஆண்டு. திருவனந்தபுரம் ஆட்சியின் கீழிருந்த தெற்குத் தாலூகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம், ஊர்ச்சொல்லில் சமரம், சூடு பிடித்திருந்தது. எல்லைக்கோடு எங்கே விழும், பாறசாலை எந்தப் பக்கம் போகும் என்பதுதான் எல்லா டீக்கடையிலும் பேச்சு. சுந்தரதாஸை மேடையில் ஏற்றிவிடலாம், இறக்குவதுதான் பாடு. தியாகம் என்ற சொல்லை ஒரு கூட்டத்தில் எத்தனை தடவை சொல்லுவார் என்று பையன்கள் பந்தயம் கட்டுவார்கள். அவருடைய பேச்சை ஒரு வரி விடாமல் நம்பியவள் ரத்னபாய் ஒருத்திதான்.

முந்தின வருஷம் மிஷன் ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது மார்பை எடுத்திருந்தார்கள். காயம் ஆறிச் சில மாதங்களில் இடுப்பிலும் தொடையிலும் வலி தொடங்கியது. புற்று எலும்புக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். பெண்ணின் சினைப்பையில் ஊறுகிற ஹார்மோன் இரத்தத்தில் கலந்து இந்தக் கட்டியை ஊட்டி வளர்க்கிறது. ஆணின் ஹார்மோனை ஊசியாகப் போட்டால் சிலருக்குக் கொஞ்ச காலம் அது அடங்கும், வலி குறையும், நோய் போய்விடாது என்றார். குரல் கட்டையாகும், முகத்தில் ரோமம் வரும் என்றும் சொன்னார். பிறகு, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.

"பிள்ளை இல்ல" என்றாள் ரத்னபாய்.

பிள்ளை பெற்றுப் பால் கொடுத்த பெண்களுக்கு இந்த நோய் சற்றுக் குறைவு, கன்னியாஸ்திரீகளுக்குச் சற்று அதிகம். அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சுந்தரதாஸின் காதில் முதல் பாதி மட்டும்தான் ஏறியது. பிள்ளை இல்லாததற்குக் குறை தன்னிடம் என்பது அவருக்குத் தெரியும். ஊர் ரத்னபாயை மலடி என்றபோது வாயை மூடிக்கொண்டு இருந்ததும் அவர்தான்.

ஊசி நன்றாகவே வேலை செய்தது. திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் மட்டும் அந்த மருந்து கிடைக்கும். சுந்தரதாஸ் மாதம் ஒருமுறை பஸ்ஸில் போய் வாங்கி வருவார். பக்கத்து வீட்டு சத்தியபாய் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் வந்து ஊசி போடுவாள். படுத்தே கிடந்த ரத்னபாய் எழுந்து உட்கார்ந்தாள், நடந்தாள், மீன் கழுவினாள். பொழியூர்க் கடலிலிருந்து மத்தி மீன் வந்தால் தானே விலை பேசி வாங்கினாள். டாக்டர் சொன்னபடியே உதட்டின் மேல் ரோமம் முளைத்தது, குரலும் கட்டையானது. அந்தக் குரலைக் கேட்டு மீன்காரி ஒரு நிமிஷம் விலையை மறந்துபோனாள்.

சபைப் பாட்டுக்குழுவில் பெண்கள் பக்கம் ரத்னபாயின் குரல்தான் முன்னால் போகும். உடம்பு தேறிய பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் பழைய இடத்தில் நின்று வாய் திறந்தாள். வந்தது ஆண்குரல். பெண்கள் வரிசை பாட்டை விட்டுவிட்டது. பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். ரத்னபாய் நிறுத்தவில்லை. வலி இல்லாமல் நிற்க முடிகிற சந்தோஷத்தில் நாலு சரணத்தையும் பாடி முடித்தாள். ஆண்கள் பக்கம் சுந்தரதாஸ் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

சர்ச் வாசலில், சமரத்தை நடத்தும் கட்சிக்காரன் கனகதாஸ் சுந்தரதாஸின் தோளில் கை போட்டான். "எலே, ஒனக்க வீட்டுல இப்ப ரெண்டு ஆம்பள ஆக்கும். சமரத்துக்கு ரெண்டு ஆளு உறுதி!"

அவன் சும்மா வேடிக்கைக்குச் சொன்னான். சுந்தரதாஸும் சிரித்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கப்படுகிறோமே என்று இன்னொரு வெட்கமும் சேர்ந்துகொண்டது.

அந்த ஆகஸ்டில் தெற்கே துப்பாக்கிச்சூடு நடந்தது. பஸ் நின்றது. கையிலிருந்த மருந்து தீர்ந்தது. மருந்து வாங்கப் போக வழியில்லை என்று அந்த வாரம் அவர் வீட்டில் சொன்னது உண்மை. பிறகு பஸ் ஓடத் தொடங்கியது. திருவனந்தபுரம் போகலாம் என்று சட்டை மாட்டியவர், மாட்டிய சட்டையோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். ஊசி நின்றால் ரோமம் உதிர்ந்துவிடும், குரலும் திரும்பும் என்று ஒரு நப்பாசை. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று நினைத்தார். ஒரு வாரம் என்பது எவ்வளவு சுலபமாக இன்னொரு வாரமாகிறது!

"சாறே, மருந்து வந்துதா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள் சத்தியபாய்.

"எங்க வர? மதராசிலேருந்து வாற லாரிய ஆரல்வாமொழி எல்லையில தடுத்துப் போட்டிருக்கு. சமரம் ஆக்கும்."

மேடையில் பேசிப் பழகிய வாய். பொய் தடுக்காமல் வந்தது.

உள்ளே கட்டிலிலிருந்து ரத்னபாய் சொன்னாள்: "நீங்க வெசனப்படாண்டாம். தெக்க பிள்ளையள வெடிவச்சுக் கொல்லுதாவ. எனக்கு இடுப்பு நோவு, அவ்வளவுதான? நாடு சேருகதுக்கு நான் இதயாவது பொறுக்கட்டு."

மறுமாதம் அவளால் எழ முடியவில்லை. திரும்பிப் படுக்கும்போது பல்லைக் கடிப்பாள். சத்தம் வெளியே வராது. சுந்தரதாஸ் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவார். உதட்டின் மேல் ரோமம் அப்படியே இருந்தது. குரலும் அப்படியேதான் இருந்தது. குரல் மாறினால் பிறகு திரும்பாது என்றுகூட டாக்டர் சொல்லியிருந்தார். அது அவருக்கு இப்போதுதான் நினைவு வந்தது. இனிக் காத்திருக்க ஒரு சாக்குமில்லை. ஆனாலும் போகவில்லை. மருந்தோடு வந்தால் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்பாளே என்ற பயம். தன்னைப்போல ஒரு கோழை இந்தத் தாலூகாவில் கிடையாது என்று அவருக்குத் தோன்றியது. அது சரிதான்.

பெருங்கடவிளைச் சந்தையில் சமரக் கூட்டம். கனகதாஸ் ஒலிபெருக்கி முன்னால் நின்று, சுந்தரதாஸ் சாரின் மனைவி புற்றுநோய்க்கு மருந்தில்லாமல் கிடக்கிறார், ஆனாலும் சமரம் நிற்கக் கூடாது என்கிறார், தாய்மாரே, தியாகம் என்றால் இதுதான் என்று முழங்கினான். சத்தியபாய் சொல்லி அவனுக்குத் தெரிந்திருந்தது. சந்தை முழுக்கக் கை தட்டியது. சுந்தரதாஸின் தோளில் கதர்த் துண்டு போர்த்தினார்கள். பேசச் சொன்னார்கள். அவர் மைக்கின் முன்னால் நின்றார், ஒரு சொல்லும் வரவில்லை. துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்து ஜனங்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் திருவனந்தபுரம் போனார். கடைக்காரர் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தார். மருந்துக்கு அங்கே எந்தக் காலத்திலும் தட்டுப்பாடு இருந்ததில்லை.

மத்தியானம் சத்தியபாய் அடுக்களையில் ஊசியைக் கொதிக்க வைத்தாள்.

"மருந்து வந்துட்டு, ரத்னம்" என்றார் சுந்தரதாஸ்.

"லாரிய விட்டாச்சா?"

"இல்ல. தெரிஞ்ச ஆளு வழியா ஒரு பெட்டி மட்டும் கிட்டிச்சு."

"அப்ப மத்த சீக்காளியளுக்கு?"

"அவங்களுக்கு இனிமேத்தான் வரணும்."

"அப்ப எனக்கும் வேண்டாம்" என்றாள் ரத்னபாய். "நேத்து சந்தையில எனக்காக அத்தன பேரு கை தட்டினாவளாமே. நான் ஒளிச்சு வச்சு மருந்து குத்தினா அவங்க மொகத்துல எப்பிடி முழிப்பேன்? எல்லாருக்கும் வரட்டு. அப்பம் எனக்குப் போட்டாப் போதும்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கப் பார்த்தாள். பாதியில் இடுப்பு மாட்டிக்கொண்டது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அப்படியே கிடந்தாள். சுந்தரதாஸுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"லாரிய யாரும் தடுக்கல்ல, ரத்னம். மருந்து அங்கதான் இருந்தது. நாந்தான் வாங்கல்ல."

அடுக்களையில் சத்தியபாய் கையை நிறுத்துவது தெரிந்தது.

"என்னத்துக்கு?"

அவர் கண் அவளுடைய உதட்டுக்குப் போய்த் திரும்பியது. அது அவளுக்குப் போதும்.

"இந்த மீசைக்கா?"

"ஆமா" என்றார். "சர்ச்சுல சிரிச்சாவ. எனக்கு நாணமாயிட்டு."

ரத்னபாய் அழவில்லை. அழுதிருந்தால் காலைப் பிடித்திருப்பார். அந்தக் கட்டைக் குரலில், வீடு முழுக்கக் கேட்கும்படி, நிதானமாகப் பேசினாள்.

"நோவு வரும்பம் எல்லாம், இது நாட்டுக்காக்கும்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். அப்பிடி நெனச்சதுனாலயாக்கும் பொறுத்தேன். இப்ப நீங்க அதயும் எடுத்திட்டிய. இத்தன நாளு பட்ட நோவ இனி நான் எதுக்குன்னு நெனக்க? சொல்லுங்க. மேடையில நல்லாச் சொல்லுவியளே."

சத்தியபாய் ஊசியோடு வந்து நின்றாள். ரத்னபாய் ரவிக்கைக் கையைச் சுருட்டிக்கொண்டு தோளைக் காட்டினாள். ஊசி இறங்கும்போதும் சுந்தரதாஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் பதில் சொல்லுவார் என்று காத்துக்கொண்டிருந்தாள்.